ஏழு மணிக்கு வெளிக்கிட்ட பஸ்கால் கோச்

லண்டன் மோர்டனில் யோகராஜா வீடு எது என்று கேட்டால், எந்த யோகராஜா என்று திருப்பிக் கேட்பார்கள். பஸ்கால் அண்ணை வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கையை நீட்டும். வாசலில் இருபத்தொன்பது பேர் இருக்கக்கூடிய வெள்ளை பஸ் நிற்கும் வீடு அது. பஸ்ஸின் பக்கத்தில் ‘பஸ்கால் கோச்’ என்று நீலத்தில் எழுதி, அதற்குப் பக்கத்தில் நீண்ட மூக்கும் தோள்வரை வளர்ந்த தலைமயிரும் உள்ள ஒரு வெள்ளைக்காரரின் தலையை வரைவித்திருந்தார். வரைந்தவன் மூக்கில் காட்டிய அக்கறையைக் கண்ணில் காட்டவில்லை. யேசுநாதர் என்று நினைத்து, நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறியவர்களும் உண்டு.

பஸ்கால் யேசுநாதர் அல்லர். முன்னூற்றெண்பது வருடங்களுக்கும் முந்திப் பிரான்சில் பிறந்த கணித மேதை, தத்துவமும் எழுதியவர். யாழ்ப்பாணத்து யோகராஜாவுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டானது ஒரு மெசினின் காலால்.

யோகராஜா எண்பத்தொன்பதில் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். கழுவும் மெசினின் ஒரு கால் கட்டை. அதற்கு முட்டாக ஒரு மெல்லிய புத்தகத்தை மடித்துச் செருகியிருந்தார்கள். ஒருநாள் வேலை குறைவாக இருந்த நேரத்தில், அது என்ன புத்தகம் என்று பார்க்க அவருக்கு ஆசை வந்தது. இழுத்தார். மெசின் உருவேறியதுபோல ஆடியது. பதினாறு தட்டுகள் உடைந்தன. அவ்வளவு விலை கொடுத்து எடுத்த புத்தகத்தை வாசிக்காமல் விட மனம் வரவில்லை.

அது பிள்ளைகளுக்கான புத்தகம். நாற்பது பக்கம், பாதி படம். யோகராஜா அதை வாசித்து முடிக்க நான்கு வருடம் எடுத்தது. சமையலறையில் நிற்பவர்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கேட்டு வாசித்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். கடையில் போய் அரைக் கிலோ வெங்காயம் கேட்க வராது. ஆனால் ‘பாதரசக் குழாயின் உச்சியில் இருப்பது வெற்றிடமே’ என்று ஒரு பிழையில்லாமல் சொல்லுவார். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நேர்முகப் பரீட்சை வந்தபோது, குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அதிகாரி கேட்டார். யோகராஜாவுக்குக் குடும்பத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரேயொரு பக்கம் பஸ்காலின் குடும்பத்தைப் பற்றியது. தாய் வேளைக்கே இறந்துபோனதையும், கணக்குப் புத்தகங்களைத் தகப்பன் ஒளித்து வைத்ததையும், பன்னிரண்டு வயதுப் பெடியன் கரியால் நிலத்தில் கீறிக் கீறித் தானே கேத்திர கணிதத்தைக் கண்டுபிடித்ததையும், பிறகு தகப்பனின் வரிக் கணக்குக்கு உதவியாக ஒரு கூட்டல் மெசின் செய்ததையும் ஒரே மூச்சில் சொன்னார். அதிகாரி பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் பஸ்கால் பிறந்த ஊர்க்காரராம். எழும்பி நின்று கைகொடுத்து அனுப்பினார்.

யோகராஜாவுக்கு மிகவும் பிடித்த பக்கம் மலைப் பக்கம். மேலே போகப் போகக் காற்றின் பாரம் குறையும் என்று பஸ்கால் நினைத்தார். சோதித்துப் பார்க்க மலை ஏறவேண்டும். அவரோ நோயோடே கிடந்த ஓயாத வருத்தக்காரர். தமக்கையின் புருசனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு உங்களூர் மலையில் ஏறி, உயரத்துக்கு உயரம் அளந்து சொல்லுங்கள். அந்த மனிதனும் ஏறி அளந்து சொன்னார். பஸ்கால் நினைத்தது சரி. இந்தக் கதையை யோகராஜா முதன்முதல் சொன்னது தன் மச்சான் பாலேந்திராவுக்கு. பாலேந்திரா யோகராஜாவின் மனைவி கலாவதியின் தமையன்; லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் பெரிய மளிகைக் கடை வைத்திருப்பவர்.

“அப்ப மலையில ஏறினது மச்சான்காரன், பேர் எடுத்தது உவரோ?” என்று கேட்டார் பாலேந்திரா.

“ஓம் மச்சான்.”

“எங்கட குடும்பம் மாதிரித்தான்.”

இரண்டாயிரத்து இரண்டில், மகளை இங்கிலிஷில் படிப்பிக்கவேண்டும் என்று கலாவதி நின்ற நிலையில் நின்றதால், யோகராஜா குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தார். பெற்றோல் ஸ்ரேசனில் மூன்று வருடம் நின்றார். பிறகு பஸ் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து, பழைய பஸ் ஒன்றை வாங்கினார். ஏன் பஸ் என்று கேட்டால் அதற்கும் பஸ்கால்தான் பதில். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு குதிரை வண்டியின் படம் இருந்தது. அதுவரை பாரிசில் வண்டி என்றால் பணக்காரனுக்கு மட்டும். சாவதற்குச் சில மாதம் முந்தி, ஆயிரத்து அறுநூற்று அறுபத்திரண்டில், பஸ்கால் நாலைந்து சிநேகிதரோடு சேர்ந்து ஒரு புது ஏற்பாடு செய்தார். குறித்த பாதை, குறித்த நேரம், ஒரே கட்டணம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வண்டி நேரத்துக்கு வெளிக்கிடும். ஒருத்தர்கூட இல்லாவிட்டால் வெறும் வண்டியாகவே போகும்.

கணிதத்தையும் தத்துவத்தையும் விட இந்தக் கடைசி வரிதான் யோகராஜாவின் மனதில் ஆணியாக இறங்கியது.

விளம்பரத்துக்காக, வெள்ளிக்கிழமைகளில் காசு வாங்காமல் கோயிலுக்கு பஸ் விட்டார். மாலை ஆறு பத்துக்குப் புறப்படும் என்று தாள் ஒட்டினார். ஆறு பத்துக்குப் புறப்பட்டார். ஆறு பத்து என்றால் ஆறே முக்கால் என்று மோர்டனில் எல்லாருக்கும் தெரியும். யோகராஜாவுக்கு மட்டும் தெரியாது. சீலை மடிப்பைக் கையில் பிடித்தபடி பெண்கள் வாசலில் நின்று கை காட்டுவார்கள். வெறும் பஸ் அவர்களைக் கடந்து அடக்கமாகக் கோயிலுக்குப் போகும். போய், கோயில் வாசலில் கதவைத் திறந்து, ஒருத்தரையும் இறக்காமல் மூடி, குறித்த நேரத்துக்குத் திரும்பி வரும்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் கலாவதி, “நீங்கள் பிள்ளையாரைப் பார்க்கப் போறியளோ, மணிக்கூட்டைப் பார்க்கப் போறியளோ?”

“ரெண்டையும்தான்.”

“வெறும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு திரியுறியள் எண்டு சனம் சிரிக்குது.”

“வெறும் பஸ் எண்டாலும் நேரத்துக்குப் போனால்தான் கலா, நாளைக்குச் சனம் நம்பி வரும். பஸ்கால் அப்பிடித்தான் வைச்சவர்.”

“பஸ்காலுக்குப் பெண்சாதி இருந்ததோ?”

“இல்லை. கலியாணம் கட்டேல்லை.”

“அதுதானே பார்த்தன்,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

இப்படியே மூன்று வருடம் போயிற்று. பூப்புனித நீராட்டு விழாக்காரர் ஒருமுறை கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிடவில்லை. தேம்ஸ் நதிக்கரைக்குச் சுற்றுலா போன பழைய மாணவர் சங்கத்தில் பாதிச் சங்கம் நதிக்கரையிலேயே விடப்பட்டது. கடைசியில் கலாவதி ஒரு முடிவோடு வந்தாள்.

“ஜெகதீஸ்வரி அக்கான்ர மகன்ர கலியாணத்துக்கு பஸ் கேட்டிருக்கினம். அவ ஒரு சொல் நல்லதாச் சொன்னா எண்டால் மோர்டன் முழுக்க உங்களைக் கூப்பிடும். அவ நாக்கால ஒரு சொல் பிழையா விழுந்தால், பஸ்ஸை வித்துப்போட்டு அண்ணையின்ர கடையில போய் நில்லுங்கோ. மீன் அறைக்கு ஆள் தேவையாம்.”

மீன் அறை என்பது பாலேந்திராவின் கடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய குளிர் அறை. சைபருக்குக் கீழே பதினெட்டு. உள்ளே நிற்பவர் தொப்பியும் இரண்டு சோடிக் கையுறையும் போட்டுக்கொண்டு, கட்டிபட்ட சூரை மீன்களை அடுக்கவேண்டும். யோகராஜா ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். அவருடைய மீசை வெளியே வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் அசைந்தது.

“ஒரு பிழையும் வராது, பார்,” என்றார்.

மாப்பிள்ளையின் தாய் ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்கிறவர். கலியாணம் வெம்பிளியில் ஒரு மண்டபத்தில். அன்றைக்கென்று பக்கத்து ஸ்ரேடியத்தில் பெரிய ஃபுட்போல் மச். அந்த நாட்களில் அந்தப் பக்கம் கார் நிற்பாட்ட விடமாட்டார்கள். நிற்பாட்டினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் பஸ். முகூர்த்தம் பத்து ஐம்பத்திரண்டு முதல் பதினொன்று நாற்பது வரை. எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் போதும் என்று கணக்குப் பார்த்தார் ஜெகதீஸ்வரி. எட்டு மணிக்கு வெளிக்கிட வேண்டுமானால் சனத்துக்கு ஏழு என்று சொல்லவேண்டும். எல்லாருக்கும் ஏழு என்று சொன்னார். எல்லாரும் அதை எட்டு என்று விளங்கிக்கொண்டார்கள். யோகராஜாவுக்கும் ஏழு என்றே சொன்னார். அவரும் தமிழ் ஆள்தானே, விளங்கியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

அங்கேதான் பிழை வந்தது.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு பஸ் ஜெகதீஸ்வரியின் வாசலில் நின்றது. வீட்டுக்குள் கூந்தல் உலர்த்தும் மெசின்களும் நாதஸ்வர சீடியும் போட்டிக்குப் போட்டி சத்தம் போட்டன. கலாவதியும் விடிய எழும்பி, தட்டம் அடுக்கிக் கொடுக்க அங்கே வந்திருந்தாள். ஆறு ஐம்பத்தைந்துக்குக் கதவு திறந்து ஓர் ஆள் மட்டும் வந்தார். பட்டு வேட்டி, சால்வை, கல் வைத்த தலைப்பா. அவர்தான் மாப்பிள்ளை, தர்சிகன். தாய் பொய் நேரம் சொல்லியிருக்கிறார் என்பதை மகனுக்குச் சொல்ல மறந்துபோனார். அவருக்கோ வங்கியொன்றில் கொம்பியூட்டர் வேலை; ஐந்து வருடமாக ஏழு பன்னிரண்டு ரயிலைத் தவறவிடாதவர்.

“குட் மோர்னிங் அங்கிள். உள்ள நிண்டா இன்னும் பவுடர் பூசுவினம். நான் இதுக்குள்ள இருக்கிறன்.”

குனிந்து ஏறினார். தலைப்பா கூரையில் இடித்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில் இருந்தார்.

ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. யோகராஜா வீட்டு வாசலைப் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிழை வரக்கூடாது என்று கலாவதி சொல்லியிருந்தாள். எது பிழை? நேரம் பிந்துவதுதான் பிழை. அதற்கு மேலே ஒரு பிழை இருக்க முடியாது.

“தம்பி, ஏழு ஆச்சுது. மற்றாக்களைக் காணேல்லை.”

“செவன் எண்டுதானே அம்மா சொன்னவ,” என்றார் தர்சிகன். “அவை பின்னால வருவினம்போல.”

பஸ் புறப்பட்டது.

மாடி ஜன்னலில் முகம் வழித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் தகப்பன் குலசேகரம் அதைக் கண்டார். “பஸ் போகுது,” என்றார்.

“திருப்பப் போறார்,” என்று கீழேயிருந்து சொன்னார் ஜெகதீஸ்வரி, வாயில் மூன்று ஊசிகளைக் கடித்தபடி.

பஸ்ஸைத் திருப்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதில் அந்த வீட்டில் ஒருவருக்கும் சரியான அறிவு இருக்கவில்லை. ஏழு நாற்பதுக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது. எட்டு மணிக்கு மாப்பிள்ளையைத் தேடினார்கள். யோகராஜாவுக்குப் போன் எடுத்தார்கள். பஸ் ஓட்டும்போது போன் நிற்பாட்டியிருக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். தர்சிகனுக்கு எடுத்தார்கள், வேட்டியில் பொக்கற் இல்லாததால் அவருடைய போன் தாயின் கைப்பைக்குள் இருந்து பாடியது.

கலாவதி கையிலிருந்த வெற்றிலைத் தட்டத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

எட்டேகாலுக்கு பஸ் வெம்பிளி மண்டபத்து வாசலில் போய் நின்றது. பெண்ணின் தகப்பன் தவராசா, மேளகாரரோடும் ஆலாத்தித் தட்டோடும் ஓடிவந்தார். கதவு திறந்தது. தலைப்பாவை மாட்டிக்கொண்டு தர்சிகன் இறங்கினார். மேளம் கொட்டி முழங்கியது. அடுத்து யார் இறங்குவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து யோகராஜா இறங்கிக் கதவைப் பூட்டினார்.

மேளம் தானாகவே குறைந்தது.

“மற்றாக்கள்?” என்று கேட்டார் தவராசா.

“அவை ஏழு மணிக்கு வரேல்லை,” என்றார் யோகராஜா.

அப்போதுதான் போனை எடுத்து உயிர்ப்பித்தார். பத்தொன்பது அழைப்புகள். இருபதாவது கையிலேயே அடித்தது. ஜெகதீஸ்வரியின் குரல் போனுக்குள் அடங்காமல் மேளகாரர் வரைக்கும் போயிற்று. இப்போதே திரும்பி வருகிறேன் என்று யோகராஜா ஓடிப்போய் ஏறினால், ஒழுங்கை முனையில் மஞ்சள் சட்டைக்காரர்கள் சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். மச்சுக்காக ரோட்டு மூடியாயிற்று. மத்தியானத்துக்குப் பிறகுதான் பஸ் வெளியே போகலாம்.

இதை அவர் போனில் சொன்னார். மறுமுனையில் போன் கை மாறியது. பிறகு வேறு குரல், கலாவதியுடையது.

“நாங்கள் ரெயினில வாறம். அண்ணை மீன் அறைக்கு இன்னும் ஆள் எடுக்கேல்லையாம்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

யோகராஜாவுக்கு வெயிலிலேயே குளிர்ந்தது. பஸ்ஸின் பின் சீற்றில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஆனால் தவராசா விடவில்லை. மாப்பிள்ளையைத் தனியாக நடத்திக்கொண்டு போனால் சனம் என்ன நினைக்கும்? பெண் பகுதியில் முன்னூறு பேர் மண்டபத்துக்குள் வந்து இருக்கிறார்கள்.

“அண்ணை, வாங்கோ முன்னுக்கு. அவை வந்து சேருமட்டும் நீங்கள்தான் மாப்பிள்ளைப் பகுதி.”

“நான் பஸ்காரன்.”

“பரவாயில்லை, சால்வையைப் போடுங்கோ.”

சால்வை போட்டார்கள். பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் பூசினார்கள். முன் வரிசையில், மாப்பிள்ளையின் உறவினருக்கென்று வெள்ளைத் துணி கட்டி வைத்திருந்த இருபத்தெட்டுக் கதிரைகளின் நட்டநடுவில் அவரை இருத்தினார்கள். தேத்தண்ணி வந்தது. பயற்றம் பணியாரம் வந்தது. மறுபடியும் தேத்தண்ணி வந்தது. மாப்பிள்ளைப் பகுதியை உபசரிக்கவென்று நின்ற பன்னிரண்டு பேருக்கும் உபசரிக்க அந்த ஒரு ஆள்தான் இருந்தார்.

பிறகு பெண்ணின் மாமிமார் நாலு பேர் வந்து சுற்றி இருந்தார்கள். மாப்பிள்ளைப் பகுதியை விசாரிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. யோகராஜாவுக்கு அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேசாமலும் இருக்க முடியவில்லை; பேசாமல் இருந்தால் மீன் அறை கண்ணுக்குள் வந்தது. தெரிந்ததைப் பேசினார்.

“பஸ்கால் எண்டு ஒருத்தர், பிரான்சில. கணக்கில அவரை மிஞ்ச ஆளில்லை. சூதாடுற ஆக்கள் ஆட்டத்தை இடையில குழப்பினால் பந்தயத்தை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு கடிதம் எழுதியே கண்டுபிடிச்சவர்.”

மாமிமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “சூதோ?” என்றார் மூத்த மாமி.

“அவர் ஆடேல்லை, கணக்குத்தான் பார்த்தவர். ஆனா பாவம், ஒருநாளும் சுகமில்லை. தலையிடி, வயித்துக்குத்து, பல்லுக்குத்து. இளவயசில கொஞ்சக் காலம் நடக்கவும் ஏலாமக் கிடந்தவராம். முப்பத்தொன்பது வயசிலயே செத்துப்போனார்.”

“கலியாணம்?”

“கட்டேல்லை. தங்கச்சியும் கட்டேல்லை, மடத்துக்குப் போயிட்டா.”

மூத்த மாமி எழும்பிப் போனார். மற்ற மூவரும் பின்னால் போனார்கள். யோகராஜா பணியாரத்தைக் கடித்தார்.

இரண்டு நிமிடத்தில் செய்தி மண்டபத்தைச் சுற்றி வந்து மணவறைக்குப் பின்னாலிருந்த பெண்ணின் அறைக்குள்ளும் போய்விட்டது. மாப்பிள்ளையின் சொந்தம் ஒருத்தர் பிரான்சில் முப்பத்தொன்பதில் செத்திருக்கிறார், நரம்பு வருத்தமாம், பெண்பிள்ளைகள் கட்டாமல் மடத்துக்குப் போகிற குடும்பமாம், அதை மறைத்துப் பேசி முடித்திருக்கிறார்கள், அதுதான் முகம் காட்ட வெட்கப்பட்டுக் குடும்பத்தில் ஒருத்தரும் வரவில்லையாம். மணி பத்து இருபது. தவராசா வியர்வை வழிய வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“அண்ணை, ஒளிக்காமச் சொல்லுங்கோ. அந்த பஸ்கால் மாப்பிள்ளைக்கு என்ன முறை?”

“ஒரு முறையும் இல்லை.”

“தகப்பன் வழியோ, தாய் வழியோ?”

“ஒரு வழியும் இல்லை. அவர் செத்து முன்னூற்று நாப்பத்தாறு வருசம்.”

தவராசா சால்வையால் முகத்தைத் துடைத்தார். “அப்ப என்னத்துக்கு இப்ப சொன்னனீங்கள்?”

“அவைதான் கேட்டவை,” என்றார் யோகராஜா. “எனக்கு வேற ஆரையும் தெரியாது.”

தவராசா கூரையைப் பார்த்து ஒரு மூச்சு விட்டார். எழும்பி, மாமிமாரின் பக்கம் போய், முன்னூற்று நாற்பத்தாறு என்பதை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். அப்படியும் மூத்த மாமிக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு பழைய வருத்தம் என்றால் லேசில் விட்டுப்போகாது என்றார்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு முகூர்த்தம் தொடங்கியது. தாலியும் கூறையும் ஜெகதீஸ்வரியிடம். ஐயர் தனக்குத் தெரிந்த மந்திரங்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சொன்னவற்றையே வேறு ராகத்தில் திரும்பச் சொல்லத் தொடங்கினார். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. மணவறையில் இருந்த தர்சிகன் யோகராஜாவைப் பார்த்தார். யோகராஜா நிலத்தைப் பார்த்தார்.

பதினொன்று பதினாறுக்கு வெளியே பெரிய கோஷம் கேட்டது. மேளகாரர் அல்லர், ஃபுட்போல் ஆட்கள். வெம்பிளி பார்க் ஸ்ரேசனிலிருந்து வந்த சனக்கூட்டத்துக்குள் பட்டுச் சீலைக்காரர் இருபத்தெட்டுப் பேரும் அகப்பட்டுக்கொள்ள, சிவப்புச் சட்டை போட்ட வெள்ளைக்காரப் பெடியள் அவர்கள் கையிலிருந்த தட்டங்களை எல்லாம் வாங்கித் தங்கள் தலையில் வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி மண்டப வாசல்வரை கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஒருவன் தலையில் பழத்தட்டம். ஒருவன் தலையில் பலகாரம். குலசேகரத்தின் கழுத்தில் யாரோ சிவப்பு மவ்ளரைச் சுற்றிவிட்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், தாலிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, கொண்டை அவிழ்ந்த ஜெகதீஸ்வரி வந்தார். யோகராஜாவைக் கடந்தபோது, “பிறகு கதைக்கிறன்,” என்றார்.

பதினொன்று முப்பத்தொன்றுக்குத் தாலி ஏறியது. சிவப்புச் சட்டைக்காரர்கள் பின்வரிசையில் நின்று விசிலடித்தார்கள். மூத்த மாமி அவர்களுக்குப் பணியாரம் கொடுத்து, நீங்கள் மாப்பிள்ளைக்கு என்ன முறை என்று தமிழிலேயே விசாரித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் யோகராஜா கலாவதியைத் தேடினார். அவள் அவரைக் கண்டதும் வேறு மேசைக்குப் போனாள். கடைசியாக ஒன்று செய்தார். வாசலில் நின்று, மாப்பிள்ளைப் பகுதியில் ஒவ்வொருத்தருக்கும் கை கூப்பிச் சொன்னார். மச் நடக்கும் நேரத்தில்தான் ரோட்டு வெறுமையாக இருக்கும். விட்டால் பிறகு சனம் முழுக்க வெளியே வந்துவிடும். ஆகவே பஸ் மூன்று முப்பது. மூன்று முப்பது என்றால் மூன்று முப்பது. அதைச் சொல்லிக்கொண்டு நின்றவரைத் தவராசா வந்து இழுத்துக்கொண்டு போனார். காலையில் அண்ணைக்கு நாங்கள் தந்த கரைச்சலுக்கு இருந்து பாயசமாவது குடிக்கவேண்டும் என்றார். பாயசத்தோடு ஒரு மாமியும் வந்து இருந்தார். அவருக்கு ஒரு கிழமையாகப் பல்லுக்குத்து. அந்த மனிதன் பல்லுக்குத்துக்கு என்ன செய்தவர் என்று கேட்டார்.

அப்படி ஒருவர் தானாக வந்து கேட்டது யோகராஜாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பல்லுக்குத்தை மறப்பதற்காக பஸ்கால் இரவிரவாக ஒரு கடினமான கணக்கைப் போட்டார். கணக்கு முடிய குத்தும் நின்றுபோயிற்று என்றார். என்ன கணக்கு என்று கேட்டார் மாமி. உருளும் சில்லின் விளிம்பில் ஓர் ஆணி இருந்தால் அது காற்றில் எப்படி வளைந்து வளைந்து போகும் என்ற கணக்கு என்று, பாயசக் கோப்பையை மேசையில் உருட்டிக் காட்டினார். மாமிக்கு விளங்கவில்லை, மறுபடி உருட்டச் சொன்னார். உருட்டினார். தலையை நிமிர்த்திச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தால் மூன்று முப்பத்தாறு.

யோகராஜா ஓடினார். சால்வை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். பஸ்ஸின் கதவைத் திறந்து விட்டுத்தான் வந்திருந்தார். கண்ணாடிக்குள்ளால் வரிசை வரிசையாக முகங்கள் தெரிந்தன. குலசேகரம் பெல்ற்றும் கட்டிக்கொண்டு இருந்தார். யோகராஜாவின் சீற்றைத் தவிர ஒன்றுகூட வெறுமையாக இல்லை. விடுபட்டுப் போய்விடுவோம் என்ற பயத்தில் மூன்று பத்துக்கே எல்லாரும் வந்து ஏறியிருந்தார்கள். முன் சீற்றில் ஜெகதீஸ்வரி. அவருக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கலாவதி.

யோகராஜா ஏறினார். இருபத்தெட்டுப் பேரும் தங்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

“எங்களுக்காக நீங்கள் ஒரு நிமிசம் நிக்கேல்லை,” என்றார் ஜெகதீஸ்வரி. “நாங்கள் உங்களுக்காக எட்டு நிமிசம் நிண்டிட்டம்.”

யோகராஜா மன்னிப்புக் கேட்கப் பார்த்தார்.

“சும்மா நிண்டு முழிக்காதேங்கோ. நான் ரெயினில வரேக்க உங்களுக்கு எத்தினை பேச்சுக் கட்டி வைச்சனான் தெரியுமோ? ஸ்ரொக்வெல் ஸ்ரேசனில இருந்து தொடங்கி. பேசித்தான் விடுவன். ஆனா அதுக்கு முந்தி ஒண்டு.” அவர் பின்னால் திரும்பிப் புருசனைக் காட்டினார். “இந்த மனுசன் முப்பத்தொரு வருசத்தில இண்டைக்குத்தான் எனக்கு முந்தி வெளிக்கிட்டு வந்து ஏறி இருக்குது. நான் வாசலுக்கு வர, ‘கெதியா வாரும், விட்டிட்டுப் போயிடுவான்’ எண்டு எனக்குக் கத்துது. எனக்கு.”

பஸ்ஸுக்குள் சிரிப்பு அடக்க முடியாமல் வெடித்தது. குலசேகரம் பெல்ற்றை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“செவ்வாய்க்கிழமை நாலாம் சடங்கு,” என்றார் ஜெகதீஸ்வரி. “திரும்ப வெம்பிளிக்குப் போகவேணும். பஸ் வேணும். பத்து மணிக்கு.”

யோகராஜா சாவியைப் போட்டவர், போட்டபடியே நின்றார். இத்தனை வருடமாக வாசித்த புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. கடைசியில் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“அக்கா, பத்தெண்டால் பத்தோ, பதினொண்டோ?”

ஜெகதீஸ்வரி யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை வெளிப்படையாக அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

“பத்தரை,” என்றார்.

“அப்ப நாங்கள் எத்தினைக்கு வாறது?” என்று பின்னாலிருந்து குலசேகரம் கேட்டார்.

கலாவதி கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். நம்பரை அமர்த்திக் காதில் வைத்தாள். “அண்ணை, அந்த மீன் அறைக்கு வேற ஆளைப் பாருங்கோ. இவருக்குச் செவ்வாய்க்கிழமை வேலை இருக்கு,” என்றாள். பாலேந்திரா என்னவோ நீளமாகச் சொன்னார். “ஓம், ஓம், பிறகு சொல்லுறன்,” என்று வைத்துவிட்டு, அன்றைக்கு முதன்முறையாகப் புருசனின் முகத்தைப் பார்த்தாள்.

“எடுங்கோ பஸ்ஸை. மூண்டு நாப்பத்தொண்டு.”